வனசாரிணி நின்ற வழி



கொடும்பாளூரில் வழி மூன்றாகப் பிரிகிறது என்கிறது சிலப்பதிகாரம். உறையூரைத் தாண்டி மதுரைக்கு நடக்கும் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவருக்கும் மாங்காட்டு மறையவன் ஒருவன் வழி சொல்கிறான். வேனிலில் வறண்ட நிலத்தைக் கடந்து கொடும்பைக் குளக்கரையை அடைந்தால், பாதை சிவபெருமான் கையிலுள்ள சூலம்போல மூன்று கிளையாகும் என்கிறான். அந்தக் கொடும்பைதான் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலைக்குத் தெற்கே, திருச்சி–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் கொடும்பாளூர். வரலாறும் காதலும் மாயமும் ஒன்றாகப் பின்னிய கதைக்குத் தமிழில் மாதிரி தேடுபவர்கள் அயர்லாந்துவரை போவதற்குமுன் நிற்கவேண்டிய இடம் அது.

மறையவன் சொல்லும் மூன்று வழிகளும் மூன்று விதமான கதைகள். வலப்பக்க வழியில் மரங்களும் தினைப்புனங்களும் சிறுமலையும் வரும். அது கண்ணுக்குத் தெரிந்த உலகம். இடப்பக்க வழி திருமால்குன்றத்துக்கு, அதாவது அழகர்மலைக்குப் போகும். அங்கே ஒரு பிலம், மூன்று பொய்கைகள். ஒன்றில் நீராடினால் ஐந்திர இலக்கணம் வசமாகும், ஒன்றில் பழம்பிறப்பு தெரியும், ஒன்றில் நினைத்தது கிடைக்கும். பிலத்துக்குள் போக விரும்புகிறவன் மலையை மும்முறை வலம்வந்தால், சிலம்பாற்றங்கரையில் ஒரு பெண் தோன்றுவாள். அவள் பெயர் வரோத்தமை. இம்மை இன்பம் எது, மறுமை இன்பம் எது, இரண்டும் இல்லாமல் நிலைத்து நிற்பது எது என்று கேட்பாள். விடை சொன்னவனுக்குக் கதவு திறப்பாள்.

நடுவழியில் ஊர்கள் உண்டு, சோலைகள் உண்டு, கூடவே கானுறை தெய்வம் ஒன்றும் உண்டு. அது வழிப்போக்கனைத் துன்புறுத்தாது. இனிய உருவத்தில் வந்து தடுத்து நிறுத்தும். மூவரும் அந்த வழியில்தான் போகிறார்கள். தண்ணீர் கொண்டுவரப் பொய்கைக்குப் போன கோவலன் முன்னால், மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவத்தில் அந்தத் தெய்வம் வந்து காலில் விழுந்து அழுகிறது. கோவலன் மனம் கலங்குகிறான். பிறகு மறையவன் எச்சரித்தது நினைவுக்கு வர, கொற்றவையின் மந்திரத்தைச் சொல்கிறான். உடனே அவள், தான் ஒரு வனசாரிணி என்று ஒப்புக்கொள்கிறாள். உன் மனைவியிடமும் அந்தத் தவமூதாட்டியிடமும் இதைச் சொல்லாதே என்று வேண்டிக்கொண்டு மறைகிறாள். கோவலன் தாமரை இலையில் தண்ணீர் ஏந்திக்கொண்டு திரும்புகிறான். நடந்ததைக் கண்ணகியிடம் சொன்னதாகக் காப்பியத்தில் இல்லை.

இந்தக் காட்சியின் நுட்பம் உருவத் தேர்வில் இருக்கிறது. வனதெய்வம் முன்பின் தெரியாத பேரழகியாக வரவில்லை. மாதவியாகவும் வரவில்லை. மாதவியின் செய்தியைக் கொண்டுவரக்கூடிய, நம்பத்தக்க ஒருத்தியாக வருகிறது. கோவலன் மனத்தில் எந்த இடம் இன்னும் ஆறவில்லையோ அந்த இடத்தில் கை வைக்கிறது. மாயத்தை வைத்துக் காதலைச் சொல்லும் கலை என்றால் இதுதான். மந்திரம் விலகிய பிறகும், கணவன் மனைவியிடம் சொல்லாத ஒன்று மீந்து நிற்கிறது.

மேலை நாட்டுப் புத்தகக் கடைகளில் இத்தகைய கதைகளுக்குத் தனி அலமாரி உண்டு. ஒரு பழைய காலம், ஓர் உண்மையான நிலம், அங்கே ஒரு காதல், அந்தக் காதலின் வழியில் குறுக்கிடும் வேற்றுலகம் ஆகியவை அதன் இலக்கணம். அந்த அலமாரியில் பெரும்பங்கு கெல்டியத் தொன்மங்களிலிருந்து பிறந்தது. கெல்டியர் என்பது ஒரே அரசின் பெயரோ ஒரே நாட்டின் பெயரோ அல்ல. மொழிக் குடும்பத்தால் அறியப்படும் மக்கள். அந்தக் குடும்பத்தில் இன்று ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மான்ஸ், வெல்ஷ், கார்னிஷ், பிரெத்தோன் என்ற ஆறு மொழிகள் எண்ணப்படுகின்றன. கதைகளில் பெரும்பாலானவை அயர்லாந்திலும் வேல்ஸிலும் எழுத்தில் நின்றவை.

எழுதி வைத்தவர்கள் யார் என்பது சுவையான செய்தி. ட்ரூயிட் எனப்பட்ட பழைய சமயக் குருமார் தங்கள் கல்வியை எழுத்தில் வைப்பது தகாது என்று கருதினார்கள்; சிலர் 20 ஆண்டுகள்வரை மனப்பாடமாகவே கற்றார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். அயர்லாந்தின் கதைகளைத் தோலில் எழுதிக் காத்தவர்கள் கிறித்தவத் துறவிகளும் அவர்கள் மரபில் வந்த எழுத்தர்களும். 12ஆம் நூற்றாண்டின் லென்ஸ்டர் சுவடியில் ஒரு மாபெரும் மாட்டுக் கவர்தல் கதையை (நம் வெட்சித் திணைக்கு உறவான கதை அது) முழுவதும் எழுதி முடித்த எழுத்தர், கடைசியில் இலத்தீனில் ஒரு குறிப்புச் சேர்த்தார். இதை நான் நம்பவில்லை, இதில் சில பேய்களின் வஞ்சனை, சில புலவர்களின் புனைவு என்ற பொருளில் அமைந்த குறிப்பு அது. நம்பாத ஒருவர் ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறார். கவுந்தியடிகளும் அப்படித்தான். பிலமும் பொய்கைகளும் எங்களுக்குத் தேவையில்லை என்று அந்தச் சமணத் துறவி மறையவனுக்கு விடை சொல்லிவிடுகிறார். ஆனாலும் துறவி என்று மரபு கூறும் சிலப்பதிகார ஆசிரியர் இளங்கோ, பிலத்தின் ஒவ்வொரு கதவையும் நமக்குக் காட்டிவிட்டுத்தான் கவுந்தியைப் பேசவைக்கிறார். நம்பிக்கை வேறாக இருந்தும் கதையைச் சிதைக்காத இந்த நேர்மை இரண்டு இலக்கியங்களுக்கும் கிடைத்த பேறு.

கெல்டியக் கதைகளில் வேற்றுலகம் தொலைவில் இல்லை. ஊருக்கு அருகிலுள்ள மேட்டில், ஏரியில், மூடுபனியில் அதன் வாசல் இருக்கிறது. வேல்ஸ் நாட்டு மாபினோகிக் கதை ஒன்றில், ஆர்பெர்த் மேட்டில் உட்காரும் உயர்குடியினன் ஒன்று அடிபடுவான், இல்லை ஓர் அதிசயம் காண்பான் என்ற நம்பிக்கை வருகிறது. ப்வில் என்னும் அரசன் உட்காருகிறான். பொன்னாடை அணிந்த ரியானன் குதிரையில் மெல்லச் செல்வதைக் காண்கிறான். எவ்வளவு வேகமாகத் துரத்தினாலும் அவள் குதிரையைப் பிடிக்க முடியவில்லை. அவளோ வேகத்தைக் கூட்டவும் இல்லை. மூன்றாம் நாள் ப்வில் துரத்துவதை விட்டு, நில் என்று வாய்திறந்து கேட்கிறான். அவள் நின்றுவிடுகிறாள். முன்னமே கேட்டிருந்தால் உன் குதிரைக்காவது நல்லதாக இருந்திருக்கும் என்கிறாள். இந்த ஒரு காட்சியில் மாயம் இருக்கிறது, காதல் இருக்கிறது, பெண்ணைத் துரத்திப் பிடிப்பதற்கும் அவளிடம் கேட்பதற்கும் உள்ள வேறுபாடும் இருக்கிறது. பின்வந்த நூற்றுக்கணக்கான நாவல்கள் இந்தக் குதிரையின் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அயர்லாந்தில் ஓஷின் கதை. இளமை மாறாத நாட்டிலிருந்து வெண்குதிரையில் வந்த நீவ் என்பவளோடு கடல் கடந்து போகிறான். மூன்று ஆண்டுகள் கழிந்ததாக எண்ணித் திரும்பிவந்தால் இங்கே 300 ஆண்டுகள் ஓடிவிட்டன. குதிரையிலிருந்து இறங்கக்கூடாது என்பது கட்டளை. கல் ஒன்றைப் புரட்டத் திணறுகிறவர்களுக்கு உதவக் குனிகிறான். சேணத்தின் வார் அறுகிறது. மண்ணில் கால் பட்டதும் முதுமை முழுவதும் அவன்மேல் இறங்கிவிடுகிறது. அவன் தீமை செய்து அழியவில்லை, உதவப் போய் அழிகிறான். கதை நெஞ்சில் தைப்பது அதனால்தான்.

தொன்மம் கல்லிலிருந்து முளைப்பதையும் அயர்லாந்தில் காணலாம். நியூகிரேஞ்ச் என்ற கல்லறைக் குன்று ஏறத்தாழ கி.மு. 3200இல் எழுந்தது. அயர்லாந்தில் கெல்டிய மொழி வழங்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முந்தையது. யார் கட்டியது என்பதை மறந்த பின்வந்தோர் அதைத் தெய்வங்களின் மாளிகையாக்கினர். காதல் தேவன் ஏங்கஸ் அங்கே வாழ்கிறான் என்றனர். ஏங்கஸ் கனவில் ஒரு பெண்ணைக் கண்டு நோயில் விழுகிறான். தேடிக் கண்டுபிடித்தால், அவள் ஓர் ஆண்டு பெண்ணாகவும் அடுத்த ஆண்டு அன்னமாகவும் இருப்பவள். வெள்ளிச் சங்கிலியால் இணைத்த 150 பேர் நடுவில் அவளை அடையாளம் காணவேண்டும். அவனும் அன்னமாகி ஏரியில் இறங்குகிறான், இருவரும் பாடிக்கொண்டே பறந்து அந்தக் கல்வீட்டுக்கு வருகிறார்கள்.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் சித்தன்னவாசல் போகிறவர்கள், செம்மண் பொட்டலில் வட்டமாக நிற்கும் கற்களையும் பாதி புதைந்த கல்லறைப் பலகைகளையும் பார்த்திருப்பார்கள். இரும்புக்கால மக்களின் ஈமச்சின்னங்கள் அவை. இவற்றுக்கும் கதை உண்டு. முற்காலத்தில் மனிதர்களுக்குச் சாவே வரவில்லை, வயது ஏற ஏற உடல் குறுகிச் சிறுகுழந்தை அளவானார்கள், பார்த்துக்கொள்ள முடியாமல் போனபோது சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்துத் தாழிக்குள் இறக்கிவிட்டார்கள் என்று பாட்டிமார் சொல்வது தமிழ்நாட்டில் பல ஊர்களில் வழங்கும் கதை. ஓஷினை ஒரே நொடியில் பிடித்த முதுமை இங்கே நூறு நூறு ஆண்டுகளாக மெல்ல மெல்லச் சுருக்குகிறது. தாழிக்குள் விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும் அந்தச் சிற்றுருவம் எந்த நாட்டு மாயக் கதைக்கும் குறைந்ததல்ல. தமிழில் அதை வைத்து ஒரு காதல் நாவல் எழுந்திருக்கவேண்டும்.

சித்தன்னவாசலிலேயே இன்னொரு வாசலும் இருக்கிறது. குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைப் பொய்கை: மீன், பறவை, யானை, எருது, பூப்பறிக்கும் மனிதர். ஓவியத்தைப் பார்ப்பவர் தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்ப்பதுபோல நிற்கவேண்டும். தாமரை இலையில் தண்ணீர் ஏந்தி வந்த கோவலனை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது.

உருமாற்றக் கதைகளில் ஓர் ஒற்றுமை வியப்பூட்டும். வேல்ஸ் கதையில் க்விடியன் என்ற மாயவித்தைக்காரன், ப்ரடெரி என்ற அரசனின் அரிய பன்றிகளைப் பெறுவதற்காக மாயத்தால் பன்னிரண்டு குதிரைகளையும் பன்னிரண்டு வேட்டை நாய்களையும் படைத்துக் கொடுக்கிறான். மாயம் ஒரு நாள்தான் நிற்கும். அது கலைவதற்குள் பன்றிகளை ஓட்டிக்கொண்டு ஓடுகிறான். அதனால் போர் மூள்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில்தான் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுவந்த பொன்னை மாணிக்கவாசகர் அங்கே இறைபணியில் செலவிட்டுவிட, சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிச் சென்றார் என்பது திருவிளையாடல். இரவானதும் அவை நரிகளாகி, இலாயத்தில் இருந்த குதிரைகளையும் கடித்துக் குதறின. இரண்டு கதைகளிலும் மாயக் குதிரைக்குக் கெடு ஒரு நாள். ஆனால் க்விடியன் கதையில் ஏமாற்று, ஏமாற்றாகவே நிற்கிறது. இங்கே அது அருளாகிறது, அந்த அருளே அடியவனைச் சிறைக்கும் வெயிலுக்கும் ஆளாக்குகிறது. ஒரே கரு இரண்டு நிலங்களில் எப்படி வேறு வேறு உயிராகிறது என்று கற்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

குதிரை என்றால் இந்த மாவட்டத்தில் அய்யனாரைச் சொல்லாமல் முடியாது. ஆலங்குடிப் பக்கம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மிண்ட அய்யனார் கோயிலில் 30 அடிக்கு மேல் உயர்ந்த குதிரை நிற்கிறது. மாசிமகத்தன்று வேண்டுதல் வைத்தவர்கள் கொண்டுவரும் காகிதப்பூ மாலைகளில் அதன் கழுத்தும் மார்பும் மறைந்துபோகும். வேற்றுலகக் குதிரைக்குத் தமிழ்க் கற்பனை கொடுத்த வடிவம் இது. ரியானனின் குதிரை ஒரு தனி மனிதனின் காதலுக்காக வந்தது. அய்யனாரின் குதிரை ஊர் முழுவதும் தூங்க, எல்லையைச் சுற்றுவதற்காக நிற்கிறது.

கெல்டியக் கதைகளின் முதுகெலும்பு ‘கெஷ்’ எனப்படும் விலக்கு. ஒருவன் எதைச் செய்யக்கூடாது என்பது அவனுக்கு விதிக்கப்பட்டிருக்கும், மீறினால் அழிவு. கூ ஹூலின் என்ற மாவீரன் நாயிறைச்சி தின்னக்கூடாது. அடுப்படியில் உபசரிக்கும் எவரையும் மறுக்கவும் கூடாது. வழியில் மூன்று கிழவிகள் நாயிறைச்சி சுட்டுக்கொண்டு அவனை அழைக்கிறார்கள். எதைச் செய்தாலும் ஒரு விலக்கை மீறியாகவேண்டும். நல்ல கதைக்கு இப்படிப்பட்ட முடிச்சு வேண்டும். தீயவன் ஒருவன் வந்து குறுக்கே நிற்பது எளிது. இரண்டு கடமைகள் ஒன்றையொன்று குறுக்கிடுவதுதான் கடினம்.

இத்தகைய விலக்கு இங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், விழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக்கூடாது என்பது பல ஊர்களின் கட்டுப்பாடு. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஒன்றுதான். அதைக் கட்டிய கை எல்லைக்கு அப்பால் தவிக்கும் ஒருவருக்காக நீளவேண்டியிருந்தால் என்ன ஆகும்? ஒரு முழு நாவல் அந்தக் கயிற்றில் தொங்குகிறது. அயர்லாந்திலிருந்து ‘கெஷ்’ஷை இறக்குமதி செய்யத் தேவையில்லை.

கெல்டியத் தொன்மம் அச்சுப் புத்தகமான வரலாற்றில் ஒரு பொய்யும் இருக்கிறது. 1760 முதல் 1763 வரை ஜேம்ஸ் மாக்ஃபர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாம் நூற்றாண்டுக் கவிஞன் ஓசியானின் பாடல்களைக் கண்டெடுத்து மொழிபெயர்த்ததாகச் சொல்லி நூல்கள் வெளியிட்டார். ஓசியான் என்பது நம் ஓஷினேதான். ஐரோப்பாவே மயங்கியது. சாமுவேல் ஜான்சன் நம்ப மறுத்தார். கிடைத்த வாய்மொழித் துணுக்குகளோடு தம் சொந்தச் சரக்கைச் சேர்த்திருக்கிறார் என்று 1805இல் ஓர் ஆய்வுக் குழு முடிவு கூறியது. மாக்ஃபர்சனுக்குக் கற்பனை வளம் குறைவில்லை. என் கற்பனை என்று சொல்லியிருந்தால் பழி வந்திருக்காது.

பிறகு நேரிய வழியில் வந்தவர்கள் பலர். சார்லட் கெஸ்ட் அம்மையார் மாபினோகிக் கதைகளை 1838 தொடங்கி ஆங்கிலமாக்கினார். டபிள்யூ. பி. யேட்ஸ் 1889இல் ஓஷினின் அலைதலை நெடுங்கவிதையாக்கினார். கிரிகரி அம்மையார் 1902இல் கூ ஹூலின் கதைகளைக் கிராமத்து மக்கள் பேசும் நடையில் திரும்பச் சொன்னார். அயர்லாந்தின் விடுதலை உணர்ச்சிக்குப் பின்னிரண்டு நூல்களும் தோள் கொடுத்தன. 1936இல் இவாஞ்சலின் வால்டன், க்விடியன் வரும் மாபினோகிக் கதையை நாவலாக்கினார். அது பரவலாக வாசிக்கப்பட்டது 1970இல் மறுபதிப்பு வந்த பிறகுதான். மேரியன் சிம்மர் பிராட்லி 1983இல் ஆர்தர் மன்னன் கதையைப் பெண்களின் கண்வழியே எழுதினார். 1999இல் ஜூலியட் மரிலியர் எழுதிய முதல் நாவலில், அன்னங்களாகிவிட்ட ஆறு அண்ணன்மாரை மீட்க ஒரு பெண் கையைக் கிழிக்கும் செடிநாரில் சட்டை நெய்கிறாள். நெய்து முடிக்கும்வரை ஒரு சொல் பேசக்கூடாது. காதலும் அந்த மௌனத்துக்குள்ளேயே முளைக்கிறது. விலக்கு எப்படிக் காதலை ஆழமாக்கும் என்பதற்கு அது நல்ல சான்று.

தமிழின் வழி வேறாக அமைந்தது. திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப் பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள். வால்டர் ஸ்காட்டையும் டூமாவையும் விரும்பிப் படித்த கல்கி, அந்தக் குதிரை வேகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னில் கொடும்பாளூருக்குப் பெரிய இடம் உண்டு. வானதி அந்த ஊர் இளவரசி; பெரிய வேளார் பூதி விக்கிரமகேசரி அவளுடைய பெரியப்பா. இராசேந்திர சோழனின் தாயைக் கல்வெட்டுகள் வானவன் மாதேவி என்கின்றன. அவளைக் கொடும்பாளூர்ப் பெண்ணாக, பயந்து மயங்கி விழும் வானதியாக வளர்த்தது கல்கியின் கற்பனை.

பூதி விக்கிரமகேசரியோ கற்பனை இல்லை. கொடும்பாளூர் மூவர்கோயிலைக் கட்டியவன் அவன். நடுக்கோயில் சுவரில் கிரந்த எழுத்தில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, அவன் முன்னோர் வரிசையையும் போர்களையும் கூறிவிட்டு, தன் பெயரிலும் கற்றளி, வரகுணை என்ற இரு தேவியர் பெயரிலுமாக மூன்று விமானங்கள் எடுத்ததைச் சொல்கிறது. மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்கு மடமும், 50 துறவிகளுக்கு உணவும் ஏற்பாடு செய்ததையும் சொல்கிறது. அவன் காலம் 9ஆம் நூற்றாண்டின் இறுதியா, 10ஆம் நூற்றாண்டின் பிற்பாதியா என்று அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். நாவலாசிரியர் கல்கி இரண்டாவதை எடுத்துக்கொண்டார். கதைக்கு அது வாய்த்தது.

அகிலன் இந்த மண்ணின் மகன். புதுக்கோட்டையை அடுத்த பெருங்களூரில் 1922இல் பிறந்தவர். அவருடைய ‘வேங்கையின் மைந்தன்’ 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கதைத்தலைவன் இளங்கோ கொடும்பாளூர் இளவரசன். அவன் காதல் பகைநாட்டுப் பெண்ணான ஈழத்து ரோகிணியோடு பின்னிக்கிடக்கிறது. பாண்டியர் ஈழத்து அரசனிடம் ஒப்படைத்திருந்த மணிமுடியும் இந்திரன் ஆரமும் கதையை இயக்கும் பொருள்கள். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியே அந்த ஆரத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. இந்திரன் கொடுத்த ஆரம்! வரலாற்று ஆவணம் என்று கையில் எடுக்கும் கல்வெட்டிலேயே தேவலோகத்துப் பொருள் மின்னுகிறது.

இருந்தும் தமிழ் வரலாற்று நாவல் மாயத்தின் முன் கதவைச் சாத்தியது. ‘பொன்னியின் செல்வ’னில் சுந்தர சோழர் இரவில் ஒரு பெண்ணின் ஆவியைக் கண்டு நடுங்குகிறார். விசாரித்தால் இறந்ததாக அவர் நினைத்த மந்தாகினி உயிரோடிருக்கிறாள். அவளைப்போல வேடமிட்டு நின்றவள் நந்தினி. சிறுவன் அருள்மொழியை ஆற்றிலிருந்து காத்தது காவேரி அம்மன் என்றார்கள், அதுவும் மந்தாகினிதான். ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஆவிக்கும் பின்னால் ஒரு மனிதப் பெண் நிற்கிறாள். கல்கி இதைப் பேரழகாகச் செய்தார். ஊமை ராணியான மந்தாகினியின் துயரம் எந்த ஆவியின் துயரத்தையும்விடப் பெரியது. ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது. கல்வெட்டிலிருந்து அரசர்களை எடுத்துக்கொண்டார்கள். அதே கொடும்பாளூர் வழியில் நின்ற வனசாரிணியை விட்டுவிட்டார்கள்.

சு. வெங்கடேசனின் ‘வீரயுக நாயகன் வேள்பாரி’ இந்தப் பழக்கத்திலிருந்து பெரிதும் விலகியது. பறம்பு மலையின் செடிகொடி, பறவை, பூச்சி பற்றிய மலைமக்களின் அறிவே அங்கே மாயத்தின் இடத்தைப் பிடித்தது. பறம்பு என்பது புதுக்கோட்டை எல்லையை ஒட்டிய, சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை. பாரி இறந்தபின் கபிலர் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு இருங்கோவேளிடம் போகிறார். வடபால் முனிவனின் வேள்விக் குழியில் தோன்றி, துவரையை 49 தலைமுறை ஆண்ட குடி என்று அவன் குலத்தைப் புறநானூற்றில் புகழ்கிறார். அந்த இருங்கோவேள் வழியினரே கொடும்பாளூரின் இருக்குவேளிர் என்று கருதுவோர் உண்டு. இருங்கோவேள் அந்தப் பெண்களை ஏற்கவில்லை. நெருப்பில் பிறந்த குடி, மறுக்கப்பட்ட இரு பெண்கள், இடையில் நிற்கும் முதிய புலவர் என்று கரு அப்படியே கிடக்கிறது.

இந்தக் கருக்களைக் கையில் எடுக்கும் இளம் எழுத்தாளர் முதலில் நிலத்தை நடந்து பார்க்கவேண்டும். மாங்காட்டு மறையவன் சொன்ன வெயில் இன்றும் அங்கே அடிக்கிறது; பங்குனி, சித்திரையில் போனால் ஏன் ஒரு பொய்கை தெய்வத்தின் இடமாகிறது என்பது தொண்டைக்குத் தெரியும். திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதே பக்கத்தில் ஞானாலயா நூலகத்தில் பழைய நாவல்களின் முதற்பதிப்புகளைக் காணலாம். புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் பாடம் 1929இல் தொகுப்பாக அச்சானது. கதையை வளர்க்குமுன் பெயர், ஆண்டு, ஊர் மூன்றையும் அதில் ஒத்துப்பார்ப்பது வழக்கமாகவேண்டும்.

அடுத்தது, மாயத்துக்கு ஒரே ஒரு விதி வைத்து, அதை எந்த இடத்திலும் தளர்த்தாமல் இருப்பது. வரோத்தமை விடை சொன்னவனுக்குத்தான் கதவு திறப்பாள். அழுதவனுக்கும் வாள் எடுத்தவனுக்கும் இல்லை. விதிக்கு விலையும் உண்டு, அந்த விலையைக் காதலர்களில் ஒருவராவது கொடுக்கவேண்டும். கொடும்பாளூர்க் காட்டுக்குள் கூரிய காதுடைய ஐரோப்பியத் தேவதைகளைக் கொண்டுவருவது வேண்டாம். வனசாரிணி, பிலம், தாழி, காப்புக் கயிறு, பரியான நரி என்று உள்ளூர்ச் சொற்களே வாசகரை மெய்சிலிர்க்கவைக்கும். பேச்சுநடையிலும் கவனம் தேவை. வேளிர் மகளும் அவள் செவிலியும் ஒரே தமிழ் பேசமாட்டார்கள்.

கடைசியாக, நூலின் முடிவில் எது கல்வெட்டு, எது கற்பனை என்று சொல்லிவிடவேண்டும். கல்கி தம் நாவலின் முடிவுரையில் வாசகரோடு அதைப் பற்றி மனம்விட்டுப் பேசினார். அந்தப் பக்கங்களை எழுதிப் பார்த்தால் எழுதுபவருக்கே ஓர் உதவி கிடைக்கும்: கற்பனை எங்கே தொடங்கியது என்று கோடு போடும்போது, எங்கே இன்னும் துணிந்திருக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். மூவர்கோயிலில் இன்று இரண்டு விமானங்கள்தான் மேற்கு நோக்கி நிற்கின்றன. வடக்கே மூன்றாவதன் அடித்தளம் மட்டும் இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் மற்ற இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். கற்றளியையும் வரகுணையையும் பற்றிக் கதை எழுத உட்காருகிறவர் அந்த வெற்று மேடையிலிருந்து தொடங்கலாம்.